சாமி குடித்த சீமைச் சுருட்டு

பொழுது விடியுமுன்னே ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் ஆள்கள் வரிசை கட்டி நிற்கும்போது, இருட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது. அர்ச்சுனனை மட்டும் சொல்லிவிடலாம். ஆள் வருமுன்னே யாழ்ப்பாணச் சுருட்டு வாடை வந்துவிடும். "புகை வந்திருச்சு, பேர் கூப்பிடலாம்லா" என்பார் கணக்கெழுதும் கிராணி சந்திரன்.

மலாயாவில் கோலா கிளாவாங்கிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பேர் வேறு. தமிழ் ஆள்கள் வாயில் அது கல்பாலத் தோட்டம். அர்ச்சுனன் சின்ன வயதிலேயே அங்கே ரப்பர் மரம் சீவப் போனவர். ஐம்பதை நெருங்கியும் அதே வேலை, அதே வாளி. ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சுருட்டை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுவார், அவ்வளவுதான். இரண்டு பெண்களையும் ரெம்பாவ் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு, அவரும் பெண்சாதி முத்தாயியும் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில், கல்பாலத்துக்கு உயிரோடு திரும்பியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதில் அர்ச்சுனன் ஒருவர். திரும்பிய பிறகு வந்த முதல் ஆடி மாதம் முனி பூசையில் தப்பு அடித்தார்கள். உடம்பு தேறாமல் ஓரமாகக் குந்தியிருந்த அந்த எலும்புக்கூடு எழுந்து ஆடியது. முனி சயாமுக்கே போய் இவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது என்று லயம் முடிவு கட்டிவிட்டது. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் அர்ச்சுனன் சாமி. மற்ற நாளெல்லாம் வேலை மேய்க்கிற மண்டோரிடம் ஏச்சு வாங்குகிற மரம் சீவி.

கல்பாலத்து முனிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் ஓய்ந்ததும் சுருட்டு கேட்கும். கற்பூரத் தட்டில் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். வாயில் சுருட்டு புகைகிற வரைக்கும் முனி பேசாது. யாரும் எதுவும் கேட்கவும் கூடாது. அடிக்கட்டையைக் கீழே போட்ட பிறகுதான் குறி சொல்லும். தொலைந்த மாடு, தங்காத பிள்ளை, தீராத காய்ச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதனால் யாரும் ரொம்ப நேரம் காத்துக் கிடந்ததில்லை. யாழ்ப்பாணச் சுருட்டை முனி நாலே இழுப்பில் தீர்த்துவிடும்.

ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஆடி அப்படி இல்லை. அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. கேட்டில் துப்பாக்கியோடு காவல். வேலைக்குப் போகிறவன் ஒரு பிடி சோறு கூடக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். மாலை ஆறுக்குச் சங்கு ஊதியதும் எல்லாரும் கம்பிக்குள்ளே இருக்க வேண்டும். சங்குக்குப் பிறகு வெளியே தெரிகிறவனைச் சுடலாம், கேள்வி கிடையாது.

பூசைக்கு நாலு நாள் முன்னால், காட்டுக்காரர்கள் விட்டுப்போன முகாம் ஒன்றைப் பட்டாளம் கண்டுபிடித்தது. அங்கே கிடந்த அரிசிக் கோணியில் கல்பாலத் தோட்டத்து முத்திரை இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று அர்ச்சுனனுக்குத் தெரியாது. கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார லெப்டினன்ட் ஒருவன் லயத்தைக் கூட்டி வைத்து, கிராணி மூலமாக இரண்டே வார்த்தை சொன்னான். பேர் வேண்டும். வராவிட்டால் மொத்த லயமும் லாரி ஏறும், சட்டிபானையைக் கூட எடுக்க விடமாட்டேன்.

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அர்ச்சுனன் பைப்படியில் குளித்துக்கொண்டிருந்தார். மண்டோர் நல்லசாமி வந்து எதிரே குத்துக்கல்லில் உட்கார்ந்தார். மண்டோருக்குத் தண்ணீர்ப் பக்கம் வேலையே கிடையாது. அவர் வீட்டில் தனிப் பைப்.

"என்ன அர்ச்சுனா, தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிக்கிறே. சாமி வாடை பாக்குமோ?"

"பால் ஒட்டியிருக்கு மண்டோரய்யா."

"நாளைக்கு லெப்டினன்டும் பூசை பாக்க வராரு. நான்தான் வரச் சொன்னேன். எங்க முனி பொய் சொல்லாது தொரை, கேட்டுப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன்."

அர்ச்சுனன் சோப்புக் கட்டியைக் கல்லில் வைத்தார்.

"முனி ஒரு பேரு சொல்லணும்லா" என்றார் மண்டோர்.

"அது சாமி இஷ்டம். நானா சொல்றேன்?"

"சாமிக்கு ஞாபகப்படுத்தத்தான் வந்தேன். பஞ்சாலை."

பஞ்சாலை அர்ச்சுனனுக்குப் பக்கத்து நிரையில் மரம் சீவுகிறவள். புருஷன் சயாமோடு போய்விட்டான், பிள்ளை இல்லை. வாய் மட்டும் நாலு பேருக்கு இருந்தது.

"அவ அரிசி குடுத்தாளா?"

"குடுத்தாளோ இல்லியோ. யாருக்கு என்ன நட்டம்? ஒத்தக் கட்டை. கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க."

"எந்த ஊருக்கு? அவ பொறந்ததே இந்த லயத்துல."

"அதெல்லாம் கப்பல்காரன் பாத்துக்குவான். நூறு குடும்பம் லாரி ஏறறதுக்கு ஒருத்தி கப்பல் ஏறட்டுமே. கணக்கு சரிதானே?" மண்டோர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "முனி வாய் தொறக்கலேன்னு வச்சுக்க, நான் தொறக்கணும். எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது உன் பேருதான். ஜப்பான் தோத்தப்போ காட்டுலேருந்து எறங்கினவனுங்க லாரியிலதானே நீ சயாம்லேருந்து வந்து எறங்கினே? லயமே பாத்துச்சு."

அது உண்மைதான். ஜப்பானை எதிர்த்துக் காட்டிலிருந்த அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு அப்போது மாலை போட்டு வரவேற்றவர்களில் மண்டோரும் ஒருவர் என்பது வேறு கதை.

இரவு முத்தாயியிடம் சொன்னார். "வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்கயேன்" என்றாள் அவள். படுத்தால் மண்டோர் வாயைத் திறப்பார். ஆடினால் இவர் திறக்க வேண்டும். அர்ச்சுனன் சுருட்டு டப்பாவைத் தேடினார். டப்பா காலி. தோட்டத்துக் கடைக்குச் சாமான் ஏற்றிவந்த லாரியைக் காட்டுக்காரர்கள் வளைவில் மறித்துக் கொளுத்திவிட்டிருந்தார்கள். கடையில் சுருட்டு என்று ஒன்று இல்லாமல் வாரக்கணக்கு ஆயிற்று.

முனியின் இடம் கம்பிக்கு வெளியே, காட்டோரத்தில் ஒரு துரியான் மரத்தடி. ஒரு கல், ஒரு சூலம், ஒரு அரிவாள். மறுநாள் நாலு மணிக்கு மேல்தான் கேட்டைத் திறந்தார்கள். பொங்கல் கூடாது, பழம் கூடாது. தேங்காயைக் கேட்டிலேயே உடைத்து, மூடியைக் காவல்காரன் வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் செம்பில் கொடுத்துவிட்டான். "சாமிக்கு எளநி மட்டும் போதும், பல்லு இல்ல" என்றாள் பஞ்சாலை, வரிசையில் யாரிடமோ. அவளைத் தடவிச் சோதித்த பொம்பளைக் காவல்காரி கூடச் சிரித்தாள்.

மரத்தடியில் லெப்டினன்ட் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சின்ன வயது. கழுத்து வெயிலில் வெந்து சிவந்திருந்தது. பின்னால் துப்பாக்கிக்காரர்கள் காட்டைப் பார்த்து நின்றார்கள். இரண்டு பேர் மட்டும் ஜனத்தைப் பார்த்து நின்றார்கள்.

கிராணி சந்திரன் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அர்ச்சுனா, ஒன் முனிக்கு அதிர்ஷ்டம். கடையில சுருட்டு இல்லேன்னு நம்ம தோட்டத்துப் பெரிய தொரைகிட்ட சொன்னேன். தன்னோடதுல ஒண்ணைக் குடுத்தனுப்பிட்டாரு. அவங்க அப்பா காலத்துச் சரக்காம். சீமையில நெலவறைக்குள்ள இருபது வருஷம் கெடந்து, போன மாசம்தான் கப்பல்ல வந்துச்சாம்."

காகிதத்தைப் பிரித்தார். யாழ்ப்பாணச் சுருட்டைப் போல இரண்டு மடங்கு நீளம். கட்டைவிரல் பருமன். நரம்பு தெரியாத மேல் இலை, எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கம். நடுவில் சிவப்பும் தங்கமுமாக ஒரு காகித வளையம்.

"தொரை சாமிக்கு மோதிரம் போட்டு அனுப்பியிருக்காரு பாருங்க" என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வளையத்தைக் கழற்றக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

"இன்னொண்ணு சொன்னாரு தொரை" என்றார் கிராணி. "அவசரப்பட்டு இழுக்கக் கூடாதாம். புகையை முழுங்கவும் கூடாதாம். ஒன் முனிகிட்ட யாரு போயி அதைச் சொல்றது?"

தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். அர்ச்சுனன் சூலத்தைப் பார்த்து நின்றார். வழக்கமாகத் தப்புச் சத்தம் முதலில் குதிகாலில் ஏறும், பிறகு முழங்கால் கழலும், பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. அன்றைக்குக் குதிகாலில் ஒன்றும் ஏறவில்லை. மண்டோரின் முகம் தெரிந்தது. நாற்காலியில் இருந்தவனின் கைக்கடிகாரம் தெரிந்தது. கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் பஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகுவது தெரிந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முனி வரவில்லை. சயாமுக்கு வந்த சாமி, காட்டோரத்துக்கு வரவில்லை.

அவர் தானாகவே ஆடினார். நாக்கைத் துருத்தினார், கண்ணை உருட்டினார், சூலத்தைச் சுற்றி ஓடினார். வேர்த்துக் கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். ஆடி முடித்தால் சுருட்டு, சுருட்டு முடிந்தால் பேர். ஆடிக்கொண்டே இருக்கவும் முடியாது. இந்த வயதில் நெஞ்சு வெடித்துவிடும். வேறு வழியில்லாமல் நின்று கையை நீட்டினார்.

கற்பூரத் தட்டு வந்தது. சுருட்டின் நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுப் பற்றவைத்தார். முதல் புகை முழுக்கக் கற்பூரம். இரண்டாவதை யாழ்ப்பாணச் சுருட்டை இழுக்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து இழுத்தார். மண்டையில் உலக்கை விழுந்த மாதிரி இருந்தது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. சாமி தள்ளாடுகிறது என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சீக்கிரம் முடிந்துவிடும் என்று மண்டோர் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

தள்ளாட்டம் அடங்கட்டும் என்று மூன்றாவது இழுப்பை மெதுவாக இழுத்தார். வாயளவில் வைத்தார். விட்டார்.

அப்போதுதான் அது தெரிந்தது.

யாழ்ப்பாணச் சுருட்டு முதலில் தொண்டையைக் கடிக்கும், பிறகுதான் வேறு பேச்சு. இது கடிக்கவே இல்லை. புகை வாய்க்குள் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு பரவியது. நாக்கின் ஓரத்தில் மிளகுச் சுள்ளாப்பு கொஞ்சம். அது ஆறும் முன்னே, வெல்லப்பாகு வாணலியில் அடிப்பிடிக்கிற நேரத்து வாசம். விட்ட புகை மூக்கருகே திரும்பி வந்தபோது, பூட்டியே கிடந்த பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற மணம். அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டார். சயாமில் காய்ந்த இலை எது கிடைத்தாலும் சுருட்டிக் குடித்த வாய் அது. புகை என்பது பசியை அமுக்கும் என்று தெரியும், குளிரை விரட்டும் என்று தெரியும். புகைக்கு இப்படி ஒரு மேல்மாடி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

இந்த நேரத்தில் ருசி பார்க்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த இழுப்பை இழுத்தார். இன்னும் மெதுவாக.

கண்ணைத் திறந்தபோது மண்டோரின் முகம் மாறியிருந்தது. லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிராணியிடம் என்னவோ கேட்டான். கிராணி குனிந்து சொன்னதில் "சுருட்டு" என்ற சொல் மட்டும் அர்ச்சுனன் காதில் விழுந்தது. அவர் சுருட்டைப் பார்த்தார். நெருப்பு நகம் அளவு கூடக் கீழே இறங்கவில்லை. மேற்கே பார்த்தார். வெயில் ரப்பர் மரங்களின் இடுப்புக்கு வந்திருந்தது.

சங்கு ஊதினால் எல்லாரும் கம்பிக்குள் போயாக வேண்டும். அதுவரைக்கும் இது புகைந்தால், முனி வாய் திறக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு தனி. வேகமாக இழுத்தால் தீர்ந்துவிடும். இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணைந்தால் குறி கேட்கலாம் என்று மண்டோர் குதித்துவிடுவார். நெருப்பு சாகவும் கூடாது, வளரவும் கூடாது. விரலுக்கிடையில் வைத்து உருட்டி உருட்டி, சிவப்பு மங்கும்போது ஒரே ஒரு இழுப்பு. மெதுவாக இழுக்க இழுக்க ருசி மேலே மேலே ஏறியது. மிளகு போய்விட்டது. வறுத்த காப்பிக்கொட்டை வந்தது. அதற்கும் பின்னால், ரப்பர் பால் ஷீட் காயவைக்கிற புகைவீட்டுக் கதவருகே நிற்கும்போது வருகிற கனமான வாசம். காலமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த வாசம், இந்தச் சுருட்டுக்குள்ளே மரியாதையாக உட்கார்ந்திருந்தது. பயம் போகவில்லை. வாய் தன்பாட்டுக்கு இதை அனுபவித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கிறது என்று அவருக்கே புரியவில்லை.

"சாமி இன்னைக்கு நெதானமா குடிக்குதே" என்றது ஒரு குரல்.

"ஓசிச் சரக்கு, அதுவும் தொரை சரக்கு. நீயா இருந்தா அவசரப்படுவியா?" என்றது பஞ்சாலை குரல். கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது.

லெப்டினன்ட் எழுந்தான். மண்டோர் கும்பிட்டுக்கொண்டே அர்ச்சுனன் காதருகே வந்தார். "சீக்கிரம் முடி. ஆளை ஏத்த லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிட்டான். வெளையாடாதே."

அர்ச்சுனன் பதிலுக்கு ஒரு வாய்ப் புகையை விட்டார். மண்டோருக்கு இருமல் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் கையை நீட்டிச் சுருட்டைக் காட்டினார். "சாம்பலைப் பாருங்கடா."

யாழ்ப்பாணச் சுருட்டுச் சாம்பல் கறுப்பாகத் தூள் தூளாக உதிரும். இதன் சாம்பல் உதிரவே இல்லை. விரல் கணு நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று, கட்டி குலையாமல் அப்படியே நின்றது. நல்ல சுருட்டுக்கு அது இயல்பு. துரை பங்களாவில் தினமும் நடக்கிற சங்கதி. ஆனால் லயத்தில் யார் அதைக் கண்டார்கள்? "திருநீறு" என்றாள் ஒருத்தி. "முனி திருநீறு உண்டாக்குது" என்றார் இன்னொருவர். அடுத்த நிமிஷம் கூட்டம் முழுக்க ஒரே பேச்சு. தப்பு அடித்தவன் தப்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். பெண்கள் முந்தானையை ஏந்தினார்கள்.

அர்ச்சுனனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதைக் கண்ணை உருட்டி மறைத்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முனி கையால் திருநீறு வாங்கினவளை, அந்த முனியே காட்டிக்கொடுத்தது என்று இந்த லயத்தில் ஒருவன் நம்புவானா? மண்டோரே சொன்னாலும் நம்ப மாட்டான்.

அவர் கூட்டத்துக்குள் இறங்கினார். முதல் வரிசை நெற்றியை நீட்டியது. அவர் நிற்கவில்லை. இரண்டாம் வரிசையும் வழிவிட்டது. மூன்றாம் வரிசையில் பஞ்சாலை அண்ணாந்து பார்த்தாள். முனி கல்லை விட்டு நேரே தன்னிடம் வரும் என்று அவள் நினைக்கவில்லை. வாயில் ஏதோ கேலி வந்திருக்க வேண்டும், அது அப்படியே நின்றுவிட்டது. அர்ச்சுனன் சாம்பலைத் தன் உள்ளங்கையில் தட்டினார். இளஞ்சூடாக விழுந்தது. மூன்று விரலால் அள்ளி அவள் நெற்றி முழுக்க, காதோரம் வரைக்கும் இழுத்துப் பூசினார். அதையும் அருள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் குலவையிட்டது. பிறகுதான் மற்றவர்களுக்கு. ஆளுக்கு ஒரு பொட்டு. கையிலிருந்தது தீர்ந்ததும் நின்று, கண்ணை மூடி, நிதானமாக இழுத்து, அடுத்த சாம்பல் வளரும் வரைக்கும் காத்திருந்தார். நூறு குடும்பமும் அவரோடு காத்திருந்தது. ஒரு மனிதன் சுருட்டுக் குடிப்பதை அத்தனை பேர் அத்தனை பக்தியோடு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வரிசை மண்டோரிடம் வந்து நின்றது.

பூசை பார்க்கிற ஜனம், லெப்டினன்ட், துப்பாக்கிக்காரர்கள் எல்லார் கண்ணும் அங்கேதான். மண்டோர் நெற்றியைக் காட்டாமல் இருக்க முடியாது. காட்டினார். கண்கள் மட்டும் மேலே அர்ச்சுனனைப் பார்த்தன. உன் பேரைச் சொல்லிவிடுவேன் என்ற நேற்றைய மிரட்டல் அதில் இல்லை. வேறொன்று இருந்தது. இந்த நெற்றியை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனால் போதும். லயம் திரும்பிப் பார்க்கும், லெப்டினன்ட் ஏன் என்று கேட்பான், லாரிக்கு ஒரு ஆள் கிடைத்துவிடுவான். அர்ச்சுனனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. மண்டோருக்கும் தெரிந்தது. அவருடைய மேலுதடு வேர்த்திருந்தது.

அர்ச்சுனன் ஒரு இழுப்பு இழுத்தார். அந்த இழுப்பில் எந்த ருசியும் இல்லை. புகையை விட்டுவிட்டு, கையிலிருந்த சாம்பலை மண்டோர் நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். நகம் பதிகிற அளவுக்கு அழுத்தினார்.

சங்கு ஊதியது.

லெப்டினன்ட் நேரே வந்தான். கிராணி பின்னாலேயே ஓடிவந்தார். "இப்பவே கேக்கச் சொல்றாரு" என்றார், யாரையும் பார்க்காமல். "சுருட்டு இன்னும் எரியுதுங்களே" என்றார் அந்தக் கிழவர். கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். லெப்டினன்ட் மண்டோரைப் பார்த்து, பிடுங்கு என்று கையைக் காட்டினான். மண்டோர் அசையவில்லை. நெற்றியில் வேர்வை ஊறிய சாம்பலோடு, முனி வாய்ச் சுருட்டில் கைவைக்க அவரால் முடியவில்லை. இரண்டு தரம் சொன்னான். மண்டோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லெப்டினன்ட் தானே கையை நீட்டிச் சுருட்டைப் பிடுங்கித் தூர எறிந்தான்.

அர்ச்சுனன் செய்ய வேண்டியதைச் செய்தார். வேரறுந்த மரமாகப் பின்னால் சாய்ந்தார். முத்தாயி ஓடிவந்து தாங்கினாள்.

"சாமி மலையேறிருச்சு" என்றார் கிழவர்.

"என்ன சொல்றான்?" என்று லெப்டினன்ட் கேட்டிருக்க வேண்டும். கிராணி சொன்னார், தமிழிலும் சேர்த்துச் சொன்னார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. "சாமி போயிட்டாருங்க தொரை. இனி அடுத்த ஆடிக்குத்தான்."

வெறும் கையோடு போக அவனுக்கு மனமில்லை. சாமியையே ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவு செய்தான். இரண்டு பேர் அர்ச்சுனனைத் தூக்கி நிறுத்தினார்கள். முத்தாயி லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பஞ்சாலைதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். லாரி கிளம்பும்போது புல்லுக்குள் எங்கோ அந்தச் சுருட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது. இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருந்திருக்கும். இவ்வளவு நடந்தும், அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தது அந்தப் பக்கம்தான்.

லாக்கப்பில் என்னென்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதை அவர் முத்தாயியிடம் கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு முனி தன்மேல் வரவே இல்லை என்ற உண்மையை மட்டும் அங்கே சொல்லிப் பார்த்தாராம். அதை யாரும் நம்பவில்லை. மண்டோர் நல்லசாமி யார் பேரையும் சொல்லவில்லை. அர்ச்சுனன் பேரைக் கூடச் சொல்லவில்லை. தண்டனையாக லயத்துக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தினார்கள். பொதுக் கொட்டகையில் சோறாக ஆக்கி, கேட்டில் அளந்து போட்டார்கள். புளித்த சோறு, அரை வயிறு. எல்லாரையும் லாரியில் ஏற்றினால் மரம் சீவ ஆள் எங்கே என்று பெரிய துரை மேலிடத்தில் சண்டை போட்டதாகப் பேச்சு. அந்த மட்டில் லயம் நின்ற இடத்தில் நின்றது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அர்ச்சுனனை விட்டார்கள். இடது காது கேட்கவில்லை. இரண்டு பல் இல்லை. அடுத்த நாளே வேலைக்குப் போனார்.

பால் நிறுக்கிற கொட்டகையில் வாளியை இறக்கி வைத்தபோது, பஞ்சாலை பக்கத்தில் வந்து தன் வாளியை இறக்கினாள். கேட்கிற காதுப் பக்கமாகத்தான் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு சாமி எல்லாருக்கும் ஒரு பொட்டு வச்சிச்சு. எனக்கு மட்டும் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பிருச்சே. ஏன்?"

"எனக்கு எப்படித் தெரியும். சாமி வந்தா எனக்கு நெனப்பு ஏது. சாமியைக் கேளு."

பஞ்சாலை அவர் முகத்தைப் பார்த்தாள். மண்டோர் தராசுக்குப் பின்னால் நின்று இந்தப் பக்கம் பார்க்காமலே எடை எழுதிக்கொண்டிருந்தார்.

"சாமியைத்தான் கேக்கறேன்லா" என்றாள்.

அர்ச்சுனன் மடியைத் தடவி, கடையில் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணச் சுருட்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். தொண்டையைக் கடித்தது. இருமினார். சுருட்டை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டு, பஞ்சாலையின் வாளியையும் சேர்த்துத் தூக்கித் தராசில் வைத்தார்.